கடைசி ஸ்டாப்பில் இறங்காத மாத்திரை

17 அக்டோபர் 2018, புதன்

நாளை ஆயுத பூஜை. கம்பெனியில் இன்றே முடித்துவிட்டார்கள். உறை போடும் மெஷின், எடை மெஷின், ஓவன் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், கதம்பம். ஏழுமலை என் கால்குலேட்டருக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார். இருபது வருஷமாக மாத்திரைக்கு உறை போடுகிற மனிதர். அவர் கைபட்ட பேட்சில் ஒரு மாத்திரைகூட இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டதில்லை. அந்த மரியாதைக்காகப் பொட்டைத் துடைக்காமல் விட்டேன்.

பூசணிக்காய் உடைத்த கையோடு பேட்சை ஓவனில் ஏற்றினோம். சரியாக மாலை ஐந்து மணி. நாற்பது டிகிரிச் சூட்டில் இருபத்து நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். அந்த மிதமான சூட்டில்தான் உறை இழைந்து மாத்திரையோடு சேரும். நாளை ஐந்து மணிக்கு எடுக்க வேண்டும். விடுமுறையாக இருந்தால் என்ன, நானே வந்து எடுக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறேன்.

நான்கு வருஷ உழைப்பு. பெருங்குடல் புண்ணுக்கான மருந்து. வயிற்றில் கரையக்கூடாது, சிறுகுடலிலும் கரையக்கூடாது. பெருங்குடலுக்குப் போன பிறகுதான் உறை முழுசாகக் கரைந்து, உள்ளே இருக்கும் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வர வேண்டும். மருந்தை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எங்கே இறங்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. "இதெல்லாம் நம்மால ஆகுமா, பிரபாவதி?" என்று முதல் வருஷம் முழுக்கக் கேட்டவர் எங்கள் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் டாக்டர் சிவசைலம். இன்று ஓவனுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும்.

18 அக்டோபர், வியாழன்

கொண்டைக்கடலைச் சுண்டல், வடை, பாயசம். கணேசமூர்த்தி தன் ஸ்கூட்டரை இரண்டு மணி நேரம் குளிப்பாட்டினார். கட்டின பெண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கத் தெரியாது, வண்டிக்கு இரண்டு முழ மாலை.

நாலரை மணிக்கு ஏழுமலையிடமிருந்து போன். "மேடம், ஓவன் தெறக்க வர்றீங்கதான? நான் கேட்டாண்டதான் நிக்கிறேன். பூசை போட்ட மிஷின நான் இன்னிக்குத் தொட மாட்டேன். நீங்க இதெல்லாம் பாக்க மாட்டீங்க, அதான்."

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நாத்தனார் குடும்பம் அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. இருக்கட்டும், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். "திங்கக்கெழமையா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டார். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் உறை நன்றாகத்தான் பிடிக்கும்.

பாயசம் நீர்த்துவிட்டது.

22 அக்டோபர், திங்கள்

காலை ஒன்பது மணிக்கு ஓவனைத் திறந்தேன். மாத்திரைகள் பளபளவென்று இருந்தன. இவ்வளவு அழகான பேட்ச் இதுவரை வந்ததில்லை.

பதிவேட்டில் வெளியே எடுத்த நேரத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். கீழே ஏழுமலையும் போட்டார். கட்டத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் போட்டார். கண்ணாடி மாற்ற வேண்டும் போல.

ஓவனின் சூட்டை ஒரு வாரத்துக்கு வட்டமாக வரைந்துகொண்டே போகும் சார்ட் காகிதம் ஒன்று உண்டு. அதையும் கழற்றிக் கொடுத்தார். இந்த டைரியின் பின்னட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். ஃபைலில் சேர்க்க வேண்டும்.

கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும்.

29 அக்டோபர், திங்கள்

பரிசோதனையில் பேட்ச் பாஸ். உறை திறக்க எடுத்துக்கொண்ட நேரம் எல்லைக்குள்தான். எல்லையின் ஓரத்தில், ஆனால் எல்லைக்குள். நாற்பது மார்க்குக்கும் பெயர் பாஸ்தான்.

2 நவம்பர், வெள்ளி

சார்ட்டை இன்னும் சேர்க்கவில்லை. தீபாவளிக்கு அதிரச மாவு ஊறவைத்தேன்.

7 ஜனவரி 2019, திங்கள்

ஆஸ்பத்திரியில் இன்று தொடங்கிவிட்டார்கள். இருபத்து நான்கு நோயாளிகள், எட்டு வாரம். என் மாத்திரை முதல்முறையாக மனித வயிற்றுக்குள் போகிறது. கோயிலுக்குப் போகாதவள் நான். கணேசமூர்த்தி போய்விட்டு வந்து நெற்றியில் விபூதி வைத்தபோது தலையைக் குனிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

12 பிப்ரவரி, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து புகார். ஞானப்பிரகாசம் என்கிற செங்கல்பட்டு பஸ் கண்டக்டர், மாத்திரை அப்படியே மலத்தில் வருகிறது என்கிறாராம். சிவசைலம் பதில் எழுதி எனக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறார்: "அது வெறும் கூடு. மருந்து உள்ளே இறங்கிவிட்டது. பயப்படத் தேவையில்லை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கூடு மட்டும் வெளியே வரும் மாத்திரைகள் உண்டு, என்னுடையது அந்தச் சாதி இல்லை. என் உறை கரைந்து காணாமல் போக வேண்டியது, கூடே மிஞ்சாது. நான்கு வருஷம் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு இதுகூடத் தெரியவில்லை. அந்தக் கண்டக்டருக்கு மட்டும் என்ன தெரியும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கண்ட நேரத்தில் கண்டதைத் தின்றுவிட்டு என் மாத்திரையைக் குறை சொல்கிறார். நேரில் போய் இரண்டு பேர் வாயையும் அடைக்கிறேன்.

15 பிப்ரவரி, வெள்ளி

சின்னத் தராசும் ஒரு பிளேடும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

ஞானப்பிரகாசம் ஐம்பது வயதுக்காரர். சட்டை தோளில் தொங்கியது. நர்ஸ் என்னை அறிமுகம் செய்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நான் உட்காரவில்லை. "என்ன பாத்தீங்க? தோலையா, முழு மாத்திரையையா?" என்று கேட்டேன்.

ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தார். ஏழு பொட்டலம். ஒவ்வொன்றும் பஸ் டிக்கெட்டில் மடித்தது, மேலே பால்பாயிண்டில் தேதி. "கழுவி, டெட்டால் போட்டு, வெயில்ல காயவெச்சுத்தான் வெச்சிருக்கேன் மேடம். அருவருப்பு படாதீங்க."

தராசில் வைத்தேன். கம்பெனியை விட்டுக் கிளம்பியபோது என்ன எடையோ ஏறக்குறைய அதே எடை. பிளேடால் குறுக்கே வெட்டினேன். உள்ளே மருந்து நிறைய இருந்தது. இரண்டாவதை வெட்டினேன். மூன்றாவதையும் வெட்டினேன். நர்ஸ் போதும் மேடம் என்றாள்.

"இருவத்திரண்டு வருசம் டிக்கெட்டு கிழிச்சவன் மேடம்," என்றார் அவர். "யாரு ஏறுனா, யாரு எறங்குனான்னு எனக்குத் தெரியும். உங்க மாத்திரை கரெக்டா ஏறுது. கடைசி ஸ்டாப்புல எறங்கணுமா இல்லியா? எறங்கல. தூங்கினே டெப்போவுக்கு வந்து சேந்துடுது."

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, சாப்பாட்டு நேரமெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்டேன். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினார். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை தடவை போனார், எத்தனை தடவை ரத்தம். நாற்பது நாள், ஒரு நாள்கூட விடவில்லை. எங்கள் பதிவேடு இவ்வளவு ஒழுங்காக இருந்திருந்தால்.

"போன வாரம் மூணு தடவ வண்டிய ஓரங்கட்டச் சொல்லி எறங்கி ஓடினேன். பயணிங்க வாயில வந்தத பேசுனாங்க. அத விடுங்க மேடம். இதுவும் கேக்கலன்னா கொடல வெட்டி எடுத்துட்டு, வயித்துல பை வெச்சிடுவாங்களாம். பைய மாட்டினு பஸ்ஸுல எப்டி நிக்கிறது?"

சிவசைலம் வாயை அடைக்கலாம். இவர் வாயை அடைக்க என்னிடம் எதுவும் இல்லை.

18 பிப்ரவரி, திங்கள்

முதலில் உறை மாவு அனுப்பிய கம்பெனியைச் சந்தேகப்பட்டேன். பிறகு தண்ணீரை. பிறகு ஞானப்பிரகாசம் அசிடிட்டிக்கு ஏதாவது விழுங்கினாரோ என்று. அவர் நோட்டில் அப்படி எதுவும் இல்லை.

புண்ணான குடலில் சிலருக்கு, சாதாரணக் குடலைவிடப் புளிப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும்; எங்கள் வழக்கமான பரிசோதனையில் அது கணக்கில் வராது. அந்தப் புளிப்புக்கு ஒரு திரவம் கலந்து மாத்திரைகளைப் போட்டுப் பார்த்தேன். ஆகஸ்டில் செய்த பழைய பேட்ச் நாற்பது நிமிஷத்தில் திறந்துகொண்டது. அக்டோபர் பேட்ச் நான்கு மணி நேரமாகியும் அசையவில்லை. கல்லு மாதிரி கிடந்தது.

இரண்டுக்கும் ஒரே மாவு, ஒரே தண்ணீர், அதே ஏழுமலை. "அப்போ என்னதான் வித்தியாசம்?" என்று சிவசைலம் கேட்டார். பார்க்கிறேன் சார் என்றேன்.

வாஷிங் மெஷினில் தண்ணீர் ஒழுகுகிறது. ஆள் நாளைக்கு வருகிறேன் என்றான்.

19 பிப்ரவரி, செவ்வாய்

ஆள் வரவில்லை.

22 பிப்ரவரி, வெள்ளி

நர்ஸை விட்டு மற்ற நோயாளிகளிடமும் கேட்கச் சொன்னேன். இன்னும் ஐந்து பேருக்கு இதே கதை. வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். ஒரு பெண்மணி, டாக்டர் திட்டுவார் என்று கணவரிடம்கூடச் சொல்லவில்லையாம்.

ஞானப்பிரகாசத்தை வார்டில் சேர்த்துவிட்டார்கள். ரத்தம் நிற்கவில்லை.

25 பிப்ரவரி, திங்கள்

கூட்டம். சிவசைலம், தரப் பிரிவு ஆட்கள் இரண்டு பேர், நான்.

ஆறு பேரையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்றார் சிவசைலம். "மருந்தைச் சொன்னபடி சாப்பிடாதவர்கள்" என்று ஒரு வரி எழுதினால் போதுமாம். மீதிப் பதினெட்டுப் பேரில் முடிவு நன்றாக இருக்கிறதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் ஆறு ஆளை மறைக்கப் பார்க்கிறார்.

மேஜையைத் தட்டினேன். பிரித்து வெட்டின மாத்திரைகளை நடுவில் கொட்டினேன். எங்கிருந்து வந்தவை என்று தெரிந்ததும் தரப் பிரிவுக்காரர் ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "இதுக்கு என்ன சார் எழுதுவீங்க? கண்டக்டர் மாத்திரைய வாயில போடாம பாக்கெட்ல போட்டுக்கிட்டாருன்னா? நோயாளிக எல்லாம் பொய்யி, நாம மட்டும் அரிச்சந்திரனா?" என்று கேட்டேன். என் குரல் கேட்டு வெளியே டைப் அடிப்பது நின்றது.

சிவசைலம் கோபப்படவில்லை. "சரிம்மா. தப்பு நம்ம பக்கம்தான்னு வெச்சுக்குவோம். அப்போ யாரு தப்பு?" என்று பதிவேட்டைத் திறந்தார். "உறை போட்டது ஏழுமலை, ஓவன்ல ஏத்துனது ஏழுமலை, கையெழுத்தும் இருக்கு. சார்ட்டு வேற காணோம். அவன்தான் தொலைச்சிருக்கான். ஆள சஸ்பெண்ட் பண்ணிட்டு, ஒரு பக்க ரிப்போர்ட்டுல முடிச்சிருவோம். உங்க பேருக்கும் ஒண்ணும் வராது."

நான் தண்ணீர் குடித்தேன். டம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தேன்.

26 பிப்ரவரி, செவ்வாய்

ஏழுமலை சஸ்பெண்ட். லாக்கரைக் காலி செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். ஏதாவது சொல்வார், திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"புது ஆளு வந்தா ஸ்ப்ரே துப்பாக்கிய தெனம் கழுவச் சொல்லுங்க மேடம். இல்லனா அடைச்சுக்கும்," என்றார்.

"ஏழுமலை, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"நான்தான் போன் பண்ணனே மேடம்," என்றார். அவ்வளவுதான். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

27 பிப்ரவரி, புதன்

நாலு மாசமாக இந்த டைரியிடமும் பொய் சொல்லியிருக்கிறேன். இன்று எழுதிவிடுகிறேன்.

ஆயுத பூஜையன்று ஐந்து மணிக்கு எடுக்க வேண்டிய பேட்சை நான் எடுக்கப் போகவில்லை. எண்ணெய் காய்ந்ததும் நாத்தனார் வந்ததும் நிஜம். ஆனால் காரணம் அது இல்லை. எனக்குச் சோம்பல். என் மாத்திரை எதையும் தாங்கும் என்ற திமிர். பூஜை போட்ட மெஷினைத் தொடமாட்டேன் என்ற ஏழுமலையை மனசுக்குள் கேலி செய்தேன். அவராவது சாமிக்குப் பயந்து தொடவில்லை. எதற்கும் பயமில்லாத நான் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். இருபத்து நான்கு மணி நேரம் இருக்க வேண்டியது நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் வெந்து, உறை இறுகிப்போனது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு எடுத்துவிட்டு, பதிவேட்டில் "18.10.2018, மாலை 5.00" என்று எழுதியது என் கை. ஏழுமலை என் முகத்துக்காகக் கையெழுத்துப் போட்டார். சார்ட்டில் நூற்றுப் பன்னிரண்டு மணி நேரமும் வட்டமாக வரைந்திருக்கிறது. அது தொலையவில்லை. இந்தப் பக்கத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது.

கணேசமூர்த்தியிடம் சொன்னேன். எழுந்து போய் டிவியை அணைத்தார். பிறகு, "அந்தாளுக்கு வேற எடத்துல வேல வாங்கிக் குடுக்கலாம் பிரபா. நீ எதுக்கு உன் தலைல மண்ணள்ளிப் போட்டுக்கற? இருபத்தஞ்சு வருஷ சர்வீஸு," என்றார்.

"கண்டக்டருக்கு வேற கொடல் வாங்கிக் குடுப்பீங்களாங்க?" என்று கேட்டேன்.

காலையில் என்னைக் கம்பெனியில் கொண்டுபோய் விடுவதாக மட்டும் சொன்னார்.

28 பிப்ரவரி, வியாழன்

சார்ட்டையும் நான்கு பக்கக் கடிதத்தையும் சிவசைலம் மேஜையில் வைத்தேன். தரப் பிரிவுக்கு ஒரு நகல், ஆஸ்பத்திரி நெறிமுறைக் குழுவுக்கு ஒரு நகல், நிர்வாக இயக்குநருக்கு ஒரு நகல். மூன்றும் காலையிலேயே போய்விட்டன. அதைச் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னை அவருக்குத் தெரியும், அவரையும் எனக்குத் தெரியும்.

சார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உங்ககிட்டயா இருந்துச்சு?"

"ஆமா சார்."

"பைத்தியமாம்மா உங்களுக்கு? நானே உங்கள வெளிய எடுத்து விட்டேனே! இப்போ பேட்ச் பூரா வாபஸ், சோதனை நிக்கும், ஒரு வருஷம் போச்சு. வேலையும் போயிரும். இனிமே இந்தத் தொழில்ல யாரு உங்கள நம்புவா?"

"நம்ப வேணாம் சார். சரி பாத்துக்கட்டும். பதிவேட்டுல பொய்ய எழுதி வெச்சவ நானு. ஏழுமலை பேர எடுத்துட்டு அந்த எடத்துல என் பேர எழுதுங்க. ஆறு நோயாளி பேரயும் திரும்பச் சேருங்க. அதுக்கப்புறம் என்னைய என்ன வேணா பண்ணிக்கோங்க."

"மன்னிப்புக் கடிதம் மாதிரியே இல்லையே இது. சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கு."

"மன்னிப்பு அந்த ஆறு பேர்கிட்ட கேக்கணும் சார். உங்ககிட்ட இல்ல."

கடிதம் பெற்றுக்கொண்டதற்கு அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

1 மார்ச், வெள்ளி

ஞானப்பிரகாசத்தைப் பார்க்க வார்டுக்குப் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். வடையைக்கூட விடவில்லை. ட்ரிப்ஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு டிக்கெட்டு குடுத்துட்டு, செக்கிங் வந்தப்புறம் பயணிய கோத்துவுடற கண்டக்டருங்கள பாத்துருக்கேன்," என்றார் கடைசியில். "நீங்க லேட்டா ஒத்துக்கினீங்க. எனக்கு ஆறு வாரம் ரத்தம் போச்சு மேடம். அத நான் சும்மா விட மாட்டேன்."

"விடாதீங்க," என்றேன். புகார் எழுதப் பேனா கேட்டார். என் பேனாவையே கொடுத்தேன்.

11 மார்ச், திங்கள்

ஏழுமலை மறுபடி வேலையில். எனக்கு மூன்று மாதம் சஸ்பெண்ட். தலைமை விஞ்ஞானி என்ற பட்டமும் போயிற்று. வேலையை விட்டுத் தூக்காததற்கு ஒரே காரணம், உறையைத் திருத்த எனக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் எனக்குத் தெரியும். ராஜினாமா செய்து மானத்தோடு போகலாமே என்று நாத்தனார் ஆலோசனை சொன்னாள். பாதியில் விட்டுப் போனால் எனக்கு மானம் எங்கிருந்து வரும்? மாட்டேன்.

ஞானப்பிரகாசத்துக்கு வேறு மருந்தில் ரத்தம் கட்டுப்பட்டிருக்கிறது. வெட்ட வேண்டாம் என்று இப்போதைக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

17 ஜூன், திங்கள்

மறுபடி வேலைக்கு. இப்போது என் மேஜை உறை போடும் அறையின் மூலையில். சிவசைலம் என் பக்கம் திரும்புவதில்லை, எனக்கு அது சௌகரியமாக இருக்கிறது. உறைக் கலவையை மாற்றிவிட்டேன். இனி புளிப்புக் கூடிய குடலிலும் திறக்கும். ஒவ்வொரு பேட்சையும் வழக்கமான திரவம், புளிப்புத் திரவம் இரண்டிலும் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்று எழுதிவைத்தேன். செலவு என்றார்கள். அப்படியென்றால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

26 ஆகஸ்ட், திங்கள்

புது மாத்திரையோடு சோதனை தொடங்கியது. பெயர்ப் பட்டியலில் ஞானப்பிரகாசம். வேண்டாமே என்று நானே போனில் சொன்னேன். "டாக்டரு சரின்னுட்டாரு. உங்க மேல நம்பிக்கையில வரல மேடம். என் நோட்டு மேல இருக்குற நம்பிக்கையில வர்றேன்," என்றார்.

7 அக்டோபர் 2019, திங்கள்

ஆயுத பூஜை. ஓவனில் பேட்ச் இருக்கிறது. நேற்று ஞாயிறென்றும் பார்க்காமல் மாலை ஐந்து மணிக்கு ஏற்றினோம். இன்று வீட்டில் வடை இல்லை. நாத்தனாரிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன்.

நாலே முக்காலுக்கு ஓவன் அறை வாசலில் நின்றேன். ஏழுமலை வீட்டுச் சுண்டலைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தார். மெஷினைத் தொட மாட்டார், ஆனால் வாசலைவிட்டு நகரவும் மாட்டார். "நீங்க தெறங்க மேடம், நான் மணி பாக்கறேன்," என்றார்.

ஐந்து அடிக்கும்போது போன். ஞானப்பிரகாசம். எடுக்காமல் இருக்க முடியவில்லை. பின்னால் பஸ் இன்ஜின் சத்தம், யாரோ சில்லறை கேட்கும் சத்தம்.

"மேடம், இன்னியோட ஆறு வாரம். டெப்போவுல ஒண்ணும் வந்து சேரல. எல்லாம் கரெக்டா அந்தந்த ஸ்டாப்புல எறங்கிடுச்சு. இந்த வாரம் ஒரு தடவகூட வண்டிய நிறுத்தல." பிறகு யாரிடமோ, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று கத்தினார்.

சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். ஏழுமலை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "மேடம், மணி ஆவுது," என்றார்.

கதவைத் திறந்தேன். கைப்பிடிச் சந்தனம் உள்ளங்கையில் ஒட்டியது. பதிவேட்டில் வெளியே எடுத்த நேரம் என்ற கட்டத்தில் "மாலை 5.03" என்று எழுதினேன். தாமதத்துக்குக் காரணம் கேட்கும் கட்டத்தில், "கண்டக்டர் போன் செய்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.